தைராய்டு மாத்திரை அடிமையாக்குகிறதா?

தைராய்டு சுரப்பு குறைந்திருப்பதாக இரத்தப் பரிசோதனையில் தெரியவந்த ஒருவருக்கு, பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு, மருந்துக்கடையில் மாத்திரைக் குப்பி கைக்கு வருவதற்கு முன்பே அறிவுரைகள் வந்துவிடுகின்றன. அத்தை சொல்வதும் அலுவலகத் தோழி சொல்வதும் கைப்பேசிக் காணொளிகள் சொல்வதும் சொல்லும் விதத்தில் வேறுபட்டாலும் சாரத்தில் ஒன்றே: இந்த மாத்திரையை ஒருமுறை தொடங்கினால் ஆயுளுக்கும் விட முடியாது, உடல் அதற்கு அடிமையாகிவிடும், சுரப்பி சோம்பேறியாகிவிடும், அளவு ஏறிக்கொண்டே போகும், ஆகவே முட்டைக்கோஸை ஒதுக்கி, அயோடின் உப்பை விட்டுக் கல்லுப்புக்கு மாறி, உணவாலும் மூலிகையாலும் சுரப்பியைத் தேற்றிக்கொண்டு, எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி நிலவும் இக்கருத்து முழுக் கற்பனையாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் நின்றிருக்காது. அதன் ஒவ்வொரு கூற்றிலும் ஓர் உண்மைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் பலம். அந்தத் துணுக்குகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், ஐயப்பட வேண்டிய இடத்தில் இக்கருத்து ஐயப்படுவதே இல்லை என்பதும், ஐயத்துக்கு இடமில்லாத ஓரிடத்திலேயே தன் ஐயம் முழுவதையும் கொட்டிவிடுகிறது என்பதும் விளங்கும்.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி அமைந்த தைராய்டு சுரப்பி ஏறக்குறைய 20 கிராம் எடையே உள்ளது. இரத்தத்தில் வரும் அயோடினை அது கவர்ந்து, டைரோசின் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைத்து, தைராக்சின் என்ற ஹார்மோனை உண்டாக்குகிறது. ஒரு மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் அது டி4 எனப்படுகிறது. உடலின் திசுக்களில் அதிலிருந்து ஓர் அயோடின் அணு கழன்றபின் கிடைக்கும் டி3 என்னும் வடிவமே உயிரணுக்களின் வேலை வேகத்தையும் உடற்சூட்டையும் இதயத் துடிப்பையும் குடலின் அசைவையும் நிர்ணயிக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, இரத்தத்தில் டி4 சற்றே குறைந்தாலும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனாகிய டி.எஸ்.எச்.ஐப் பலமடங்கு அதிகமாக வெளியிடுகிறது. எனவே ஆய்வறிக்கையில் டி.எஸ்.எச். எண் உயர்ந்திருப்பது தைராய்டு தளர்ந்திருப்பதன் அடையாளமாகும். எண் ஏறியிருப்பதைப் பார்த்துச் சுரப்பு கூடிவிட்டதாகப் புரிந்துகொண்டு, அதைக் குறைக்க வழி தேடுவோர் பலர்; நேர்மாறான நோய்க்குச் சொல்லப்பட்ட பத்தியத்தைத் தம் நோய்க்குக் கடைப்பிடிக்கும் வேடிக்கை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுரப்பி ஏன் தளர்கிறது என்பதற்கான விடை, அடிமைத்தனம் பற்றிய பேச்சின் வேரையே அறுப்பது. 1912இல் ஹக்காரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர், நான்கு பெண்களின் தைராய்டுத் திசுக்களை ஆராய்ந்து, அவற்றில் வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாக ஊடுருவியிருந்ததை விவரித்தார். அதன் பொருள் 1956இல்தான் தெளிவாயிற்று: கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் தடுப்பாற்றலே தன் சொந்தச் சுரப்பியை அயலான் என்று கருதித் தாக்குகிறது என்பதை அவ்வாண்டில் லண்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள் காட்டின. அயோடின் பற்றாக்குறை இல்லாத நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவின் முதன்மைக் காரணம் இந்தத் தன்தாக்கு நோயே ஆகும். பரிசோதனையில் நோய் தெரியவரும் நாளுக்கு முன்பே, ஆண்டுக்கணக்கில் சுரப்பியின் திசு சிறிது சிறிதாக அழிந்து நாராக மாறிக்கொண்டிருந்திருக்கும். இந்தச் சுரப்பியைச் சோம்பேறி என்று சொல்வது, இடிந்த வீட்டைக் குடியிருப்பவர் பெருக்கவில்லை என்று குறைகூறுவதைப் போன்றது.

ஆயுள் முழுவதும் மாத்திரை என்ற அச்சத்துக்கு வரலாறு தரும் விடையும் ஒன்றுண்டு. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர், தைராய்டு குறைவு முற்றி முகமும் கைகளும் ஊதி, பேச்சும் அசைவும் மந்தமாகிவிட்ட 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினார். அடுத்த ஆண்டே அச்சாற்றை வாய்வழி உட்கொண்டாலும் பலன் கிடைக்கும் என்பது தெரியவந்தது. அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் தமது 74ஆம் வயதில் இறந்தார். அதற்குள் அவர் உட்கொண்ட சாறு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகளிலிருந்து எடுக்கப்பட்டது என்று மர்ரி பின்னர் கணக்கிட்டார். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு மருந்தைச் சார்ந்திருந்தவர் என்று அவரைச் சொல்லலாம். அந்த மருந்து இல்லாத முந்தைய தலைமுறையில் அதே நோய் கண்டவர்கள், ஊதிய உடலோடும் மங்கிய அறிவோடும் படிப்படியாகச் சாவை நோக்கிச் சென்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1914இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்டு கெண்டால் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1920களின் பிற்பகுதியில் சார்லஸ் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டறிந்து, செயற்கையாகவும் உருவாக்கினார். இன்று குப்பியில் கிடைக்கும் லெவோதைராக்சின் மாத்திரையில் இருப்பது, மனிதச் சுரப்பி உண்டாக்கும் அதே மூலக்கூறு. 'இங்கிலீஷ் மருந்து' என்றோ 'கெமிக்கல்' என்றோ அதை ஒதுக்குபவர், தம் கழுத்துக்குள் அதே பொருள் பிறந்த நாள் முதல் ஊறிக்கொண்டிருந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை.

வெளியிலிருந்து ஹார்மோன் கிடைத்தால் சுரப்பி ஓய்ந்துவிடும் என்ற வாதத்தில் ஒரு பாதி மெய். தைராக்சினை உட்கொள்ளும்போது டி.எஸ்.எச். தாழ்வதால் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வது உண்மையே. மாத்திரையை நிறுத்தியபின் அது மீண்டும் எழாது என்பதே பொய்யான மறுபாதி. இந்தப் பாதியும் ஊகத்துக்கு விடப்படாமல் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். நலமான தைராய்டு உள்ளவர்களுக்குத் தைராய்டு மருந்தைக் கொடுத்து, பிறகு நிறுத்தி, சுரப்பியின் செயலை அளந்த மான்ட்டே கிரீர் என்ற ஆய்வாளர், சில வாரங்களில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதை 1951இல் வெளியிட்டார். ஆகவே மாத்திரையை நிறுத்திய பின்னும் ஒருவரின் சுரப்பி எழவில்லையென்றால், அது மாத்திரை தொடங்கும் முன்பே எழ இயலாத நிலைக்குப் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால், மாத்திரையை விட்டுவிட்டு நலமாக இருப்பதாகச் சாட்சி சொல்லும் மனிதர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அவர்கள் எல்லோரும் பொய் சொல்வதாக நினைக்கத் தேவையில்லை. தைராக்சினின் அரைவாழ்வுக்காலம், அதாவது இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறக்குறைய 7 நாள். மாத்திரையை நிறுத்திய முதல் வாரத்தில் உடலில் பாதிக்கு மேல் மீதமிருப்பதால் எந்த மாற்றமும் தெரிவதில்லை; அந்த நாட்களில் பருகிய கஷாயத்துக்கோ தனியா ஊறவைத்த தண்ணீருக்கோ அந்தப் பெருமை போய்ச் சேர்கிறது. ஐந்தாறு வாரம் கழித்துச் சோர்வும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் தலைகாட்டும்போது, காணொளிக்குச் சாட்சி சொன்னவர் மறுபடி வந்து கணக்கைத் திருத்துவதில்லை. மேலும், பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தோன்றும் தைராய்டு அழற்சி, வைரஸ் தொற்றைத் தொடர்ந்து கழுத்து வலியோடு வரும் அழற்சி போன்றவற்றில் சுரப்பு தற்காலிகமாகக் குறைந்து, பலருக்குத் தானே சீராகிவிடுகிறது. அத்தகையோருக்கு மருத்துவரே மாத்திரையைக் குறைத்து நிறுத்திப் பார்ப்பார். எந்தச் சூரணமும் உட்கொள்ளாமல் சீராகியிருக்கக் கூடிய ஒன்று, சூரணத்தின் வெற்றியாக விற்பனைக்கு வருகிறது.

உணவைப் பற்றிய பகுதிக்கு வரலாம். முட்டைக்கோஸின் மீதான பழி 1928ஆம் ஆண்டின் ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வேறொரு நோக்கத்துக்காக வளர்க்கப்பட்ட முயல்களுக்குக் கழுத்தில் கழலை தோன்றியது. அவற்றுக்கு முட்டைக்கோஸே முதன்மை உணவாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு முதலிய இக்குடும்பத் தாவரங்களில் உள்ள சில சேர்மங்கள், நறுக்கும்போதோ மெல்லும்போதோ ஒரு நொதியால் உடைந்து, சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பொருள்களைத் தருகின்றன என்பது மெய்யே. அந்த நொதி வெப்பத்தில் பெருமளவு செயலிழந்துவிடுவதும் மெய்யே. தமிழர் சமையலில் கோஸ் பெரும்பாலும் பொரியலாகவோ கூட்டாகவோ வெந்தபின்தான் இலைக்கு வருகிறது. மனிதரிடம் இத்தகைய காய் கடும் தைராய்டு குறைவைத் தோற்றுவித்ததாக மருத்துவ இதழில் பதிவான ஒரு நிகழ்வு உண்டு: நியூயார்க்கில் 88 வயதுப் பெண் ஒருவர் மாதக்கணக்கில் நாள்தோறும் ஒரு கிலோவுக்கு மேல் சீனக்கோஸைப் பச்சையாகவே தின்றிருந்தார். வாரம் இருமுறை கோஸ் பொரியல் சாப்பிடுபவருக்கு அவரிடமிருந்து கற்க வேண்டியது அதிகமில்லை.

மரவள்ளிக்கிழங்கின் கதை இதைவிடக் கனமானது. அதில் உள்ள சயனைடு சார்ந்த சேர்மம் உடலில் தயோசயனேட்டாக மாறி, சுரப்பிக்குள் அயோடின் நுழையும் வாயிலை அடைக்கிறது. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் கிழங்கே அன்றாட உணவாகவும் மண்ணில் அயோடின் மிகக் குறைவாகவும் இருந்த பகுதிகளில், கழலையும் பிறவிக் குறைபாடுகளும் பெருகியதை ஆய்வுகள் விரிவாக நிறுவியுள்ளன. சூடானின் டார்ஃபூரில் கம்புக்கும் இதுபோன்ற பங்கு இருப்பது பேசப்பட்டது. இரண்டு இடங்களிலும் அயோடின் பற்றாக்குறை முன்பே இருந்தது என்பதும், ஒரே உணவையே நாள்தோறும் உண்ணும் வறுமை இருந்தது என்பதும் இங்குள்ள விலக்குப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்பொருள்கள் அனைத்தும் சுரப்பி ஹார்மோனை உண்டாக்கும் வழியில்தான் குறுக்கிடுகின்றன. ஹார்மோனையே மாத்திரையாக விழுங்கும் ஒருவரிடம் அவை தடுப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. மாத்திரை உட்கொள்பவர் கோஸைத் தொடக்கூடாது என்ற விதி அறிவியலை அரைகுறையாகக் கேட்டதன் விளைவேயன்றி வேறில்லை.

உப்பின் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு இன்னும் சுவையானது. இமயமலை அடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் கழலை நோய் ஊரையே பீடித்திருந்த காலத்தில், வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இலிருந்து சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் வேறு பகுதிக்குச் சாதாரண உப்பையும் கொடுத்து ஒப்பிட்டு, அயோடின் பெற்ற ஊர்களில் கழலை குறைவதை நிறுவினர். அதன் பயனாக 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. அயோடின் மிகுந்தால் தன்தாக்கு நோய் சற்றுக் கூடக்கூடும் என்பது மறுக்க வேண்டியதன்று. டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டில் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயமானபின் தைராய்டு குறைவு சிறிதளவு உயர்ந்தது பதிவாகியுள்ளது. ஆயினும் இவ்வுண்மையைத் தமிழ்நாட்டில் சுட்டிக்காட்டுவோர், இம்மாநிலத்தைப் பற்றிய கணக்கைப் பார்ப்பதில்லை. 2018-19இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கொண்ட உப்பை உண்ணும் குடும்பங்கள் இந்திய அளவில் 76 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 62 விழுக்காடே. மாநிலங்களில் கடைசி இடம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளைவிக்கும் நாட்டில், உப்பளத்திலிருந்து நேராக வரும் கல்லுப்பு வீடுகளுக்குள் தாராளமாகப் புழங்குவது இதற்கு ஒரு காரணம். அயோடின் உப்பே தைராய்டு குறைவின் முதற்காரணம் என்றால், அதைக் குறைவாக உண்ணும் இம்மாநிலம் நோயிலிருந்து தப்பியிருக்க வேண்டும்; தப்பியதாக எந்தத் தடயமும் இல்லை. கல்லுப்புக்கு மாறியவர் தம் நோயை மாற்றுவதில்லை. வீட்டில் கருவுற்ற மகளோ மருமகளோ இருந்தால் அவர்களுக்குத் தேவையான அயோடினைத்தான் பறிக்கிறார்.

இனி, நியாயமான ஐயம் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காண வேண்டும். டி.எஸ்.எச். சற்று உயர்ந்தும் டி4 இயல்பான அளவிலேயே இருக்கும் நிலையை மருத்துவர்கள் சப்கிளினிக்கல் தைராய்டு குறைவு என்பர். முழு உடல் பரிசோதனைப் பொதிகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பெரும் பங்கினர் இவ்வகையினர். டி.எஸ்.எச். 10க்குக் கீழே உள்ள இவர்களில் கணிசமானோருக்கு, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் எண் தானே இயல்புக்குத் திரும்பியிருக்கும். 65 வயதைக் கடந்த 737 பேரைக் கொண்டு ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், இத்தகைய இலேசான குறைவுக்குத் தைராக்சின் கொடுத்ததால் சோர்வோ பிற அறிகுறிகளோ குறையவில்லை; அதைத் தொடர்ந்து 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரும்பாலான வயதுவந்தோருக்கு இந்நிலையில் மாத்திரை வேண்டாம் என்றே உறுதியாகப் பரிந்துரைத்தது. கருத்தரிக்க விரும்பும் பெண்களும், டி.எஸ்.எச். மிக உயர்ந்தவர்களும், கடும் அறிகுறிகள் உள்ளவர்களும் அப்பரிந்துரைக்கு விலக்கு. தேவையின்றித் தொடங்கிய மாத்திரை தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. அளவு மிகுந்தால் முதியோரின் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு தேய்வதும் நேரலாம். ஆக, ஒரே ஒரு பரிசோதனையை நம்பித் தொடங்குவது சரியா, இன்னொருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கலாமா, டி4 அளவு என்ன, எதிர்பொருள் சோதனை என்ன சொல்கிறது என்பனவே முதல் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள். மருத்துவரைக் கேள்வி கேட்கத் தயங்கி அன்று வாய்மூடி இருப்பவர்கள், டி.எஸ்.எச். 60ஐயும் 80ஐயும் எட்டி மாத்திரையால் மீண்ட பின்னர், அதை எப்போது நிறுத்தலாம் என்று அடுத்த வீட்டில் கேட்கிறார்கள்.

உடல் எடையையும் முடி உதிர்வையும் முழுவதும் தைராய்டின் கணக்கில் எழுதும் வழக்கமும் இதனோடு சேர்ந்ததே. சுரப்பு குறைவதால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோ, அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். மாத்திரை சரியான அளவில் அமைந்தபின்னும் எடை இறங்கவில்லையெனில் காரணம் வேறெங்கோ இருக்கிறது. முடிக்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரையோ, சிலவகைப் பரிசோதனைக் கருவிகளில் டி.எஸ்.எச்.ஐப் பொய்யாகத் தாழ்த்திக் காட்டி, மருத்துவரையே திசைதிருப்பிவிடக் கூடியது. இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்தி வைப்பது நல்லது.

அளவு ஏறிக்கொண்டே போகும் என்ற குற்றச்சாட்டு, பல வீடுகளில் அடுக்களையிலேயே உற்பத்தியாகிறது. தைராக்சின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ளப்பட வேண்டும். எழுந்தவுடன் டிகாக்‌ஷன் காபி இல்லாமல் பொழுது விடியாத இல்லங்களில், ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் டம்ளருமாக இரண்டும் ஒன்றாகவே உள்ளே போகின்றன. காபி அம்மாத்திரையின் உறிஞ்சுதலைக் குறைக்கும் என்பது நிறுவப்பட்ட செய்தி. இரத்தசோகைக்காகக் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் குடலில் தைராக்சினோடு பிணைந்து அதைக் கழிவோடு வெளியேற்றிவிடும் என்பதால், இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். அடுப்பருகே அலமாரியில் வைத்த குப்பி வெப்பத்தால் வீரியம் இழப்பதும் உண்டு. இவற்றுள் ஒன்றோ இரண்டோ சேரும்போது டி.எஸ்.எச். இறங்க மறுக்கிறது, 50 மைக்ரோகிராம் 75 ஆகிறது, 75 பின்னர் 100 ஆகிறது, போதைப்பொருளுக்கு அளவு ஏறுவதுபோல் இதற்கும் ஏறுவதாகக் குடும்பம் முடிவுகட்டுகிறது. சுரப்பு முழுவதும் நின்றுபோன ஒருவருக்குத் தேவைப்படுவது உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 100க்கு அருகில். எஞ்சிய திசு மெல்ல அழிய அழிய அந்த எல்லையை நோக்கி அளவு சற்று நகரும், அங்கே நின்றுவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்து மறுபரிசோதனை செய்யச் சொல்வதும் மேலே கண்ட அரைவாழ்வுக் கணக்கினால்தான். அதற்கு முன் எடுத்த எண் எதையும் மெய்யாகச் சொல்வதில்லை.

இந்த அடிமைப் பேச்சு உண்மையில் யாரைக் காயப்படுத்துகிறது என்பது கருவுற்ற பெண்ணிடம் தெளிவாகத் தெரிகிறது. கருவில் உள்ள குழந்தையின் சொந்தச் சுரப்பி கர்ப்பகாலத்தின் பாதி கடக்கும்வரை போதிய அளவு ஹார்மோனைத் தருவதில்லை. மூளை உருவாகத் தொடங்கும் முதல் மாதங்களில் அது தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பகாலத்தில் தைராய்டு குறைவுக்குச் சிகிச்சை பெறாத பெண்களின் குழந்தைகள், ஏழு முதல் ஒன்பது வயதில் நடத்தப்பட்ட நுண்ணறிவுச் சோதனையில் மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக ஏழு புள்ளி குறைவாக எடுத்திருந்தனர். மிக இலேசான குறைவுக்குக் கர்ப்பத்தின்போது மாத்திரை தொடங்குவதால் பயன் உண்டா என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. வெளிப்படையான குறைவு உள்ளவர் மாத்திரையைத் தொடர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. இருந்தும், கர்ப்பம் என்று தெரிந்தவுடன் 'சூடான மாத்திரை, குழந்தைக்கு ஆகாது' என்று முதலில் நிறுத்தப்படுவது பல வீடுகளில் இதுவே. செய்ய வேண்டியது நேர்மாறானது: ஏற்கெனவே தைராக்சின் உட்கொள்ளும் பெண், கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரிடம் தெரிவித்து அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும், வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாக எடுத்துக்கொள்வது பரவலாகப் பின்பற்றப்படும் வழி, மொத்தத்தில் தேவை 25 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது. பிரசவம் முடிந்ததும் பெரும்பாலோருக்கு மாத்திரையின் அளவு கர்ப்பத்துக்கு முன்பிருந்த இடத்துக்கே திரும்புகிறது, அவ்வாறு குறைத்ததற்காக உடல் ஒருநாளும் கூடுதல் கேட்டு அடம்பிடிப்பதில்லை.